எனக்குக் கழுத்துதான் பிடிக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இதை நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். 'அம்மா நலம்னு சொல்லுது, அப்ப ஏதோ இருக்கு' என்று உடனே போனை எடுப்பாய். எடுக்காதே. போனில் உன்னோடு பேசிப் பேசித்தான் நான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீ முடித்து வைக்கிறாய். முடித்ததற்கு நீயே வருத்தப்படுகிறாய். கடைசியில் எனக்கு ஆறுதலும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ சும்மா இருந்துதான் ஆக வேண்டும். நினைத்தாலே எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் அபிநயாவும் ஊருக்குக் கிளம்பும்போது, முழுக்கோழியை வீட்டில் எப்படி வெட்டுவது என்று எழுதி அனுப்பச் சொன்னாய். "இனிமே நீ அருவாமனைல உக்காந்து கஷ்டப்பட வேணாம்மா, அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய். எனக்கு முழங்கால் வலி என்று யார் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு வலிப்பது தோள்பட்டை. அதை நான் இரண்டு முறை சொன்னேன். நீ முழங்காலுக்கு பெல்ட் வாங்கி வந்தாய். இருக்கட்டும். கேட்டாய், எழுதுகிறேன். நடுநடுவே வேறு விஷயமும் வரும். அதைத் தாண்டிக் குதித்துப் படித்தால் கை வெட்டுப்படும், சொல்லிவிட்டேன்.

முதல் பாடம் கடையில். கடைக்காரரிடம் வெட்டக் கொடுக்காதே. நம் தெருமுனை பாய் தங்கமான மனிதர். ஆனால் ஞாயிறு காலையில் அவர் கடை முன்னால் பசுமலையில் பாதி நிற்கிறது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு, சம்பந்தி வீட்டுச் சண்டையைப் பேசிக்கொண்டே கத்தியைப் போடுவார். சம்பந்தி மேல் இருக்கிற கோபமெல்லாம் கோழி மேல் விழும். அன்றைக்கும் நான், "முழுசாக் குடுங்க பாய், வீட்ல வெட்டிக்கிறேன்" என்றேன். "ஏம்மா, எங்கையில என்ன குறை?" என்றார். "கையில ஒரு குறையும் இல்ல பாய். நீங்க வெட்டுன பெறகு கால் எது, கழுத்து எதுன்னு அந்தக் கோழிக்கே தெரிய மாட்டேங்குது." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, மஞ்சள் தடவி வாட்டிய நாட்டுக்கோழியை முழுதாகப் பையில் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "கழுத்தை எடுத்துறட்டுமாம்மா? எங்க வீட்லயும் அந்த வீடியோவப் பாத்தாங்க, எல்லாருக்கும் சங்கடமாப் போச்சு" என்றார். அந்த வீடியோவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கோழியைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடு. வழுக்கினால் முதல் துண்டு உன் விரலாகத்தான் இருக்கும். உன் பெங்களூர்ச் சமையலறையில் அருவாமனை போட்டு உட்கார இடமில்லை. நல்ல கத்தியும் கனமான பலகையும் போதும். கோழியை மல்லாக்கப் போடு. ஒரு காலை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக இழு. தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே தோல் விறைத்து நிற்கும், அங்கே கீறு. பிறகு தொடையைப் பின்பக்கமாக மடக்கினால் மூட்டுக் குமிழ் டக்கென்று வெளியே வரும். அந்த மூட்டின் நடுவே கத்தியை ஓட்டு. வெண்ணெய் மாதிரிப் போகும். போகாமல் முட்டுகிறது என்றால் நீ இடம் தப்பி எலும்பின் மேல் நிற்கிறாய் என்று அர்த்தம். பலத்தைக் கூட்டாதே. விரலால் தடவிப் பார்த்து இடத்தை மாற்று.

இதை எழுதும்போதே உன் முகம் கண் முன்னால் வருகிறது. கத்தி முட்டினால் இன்னும் அழுத்துகிற ஆள் நீ. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது என் பிறந்தநாளுக்கு ஊதா நிறத்தில் வளையல் வாங்கி வந்தாய், நினைவிருக்கிறதா? வாங்கிக்கொண்டு, உன்னைக் கட்டிப்பிடித்து, "அடுத்த தடவை வேற கலர் வாங்கு சாமி, அம்மாவுக்கு ஊதா அம்புட்டாப் பிடிக்காது" என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "சும்மா சொல்ற. நான் செலவு பண்ணிட்டேன்னுதான அப்பிடிச் சொல்ற?" அன்றைக்கு ஆரம்பித்தது. தீபாவளிக்கு ஊதா, பொங்கலுக்கு ஊதா, முதல் சம்பளத்தில் ஊதாப் பட்டு. என் பீரோவைத் திறந்தால் கத்திரிக்காய் மார்க்கெட் மாதிரி இருக்கிறது. பக்கத்து வீட்டு ராணியக்கா அதில் பாதியைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். உனக்கு நான் உன் புடவையை எல்லாம் பத்திரமாக வைத்திருப்பதாக நினைப்பு.

சரி, கோழிக்கு வருவோம். இரண்டு காலும் ஆயிற்று. இறக்கையை விரித்துப் பிடித்து, தோள் மூட்டு எங்கே அசைகிறது என்று பார்த்து, அங்கேயே வெட்டு. பிறகு கோழியை நிமிர்த்தி, விலா ஓரமாக மேலிருந்து கீழே இரண்டு பக்கமும் கத்தியை இறக்கு. அப்புறம் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையால் நெஞ்சையும் முதுகையும் சூட்கேஸ் திறக்கிற மாதிரிப் பிரி. நெஞ்சை நாலாகப் போடு, முதுகை மூன்றாகப் போடு. அதில் எனக்குத் தனி அபிப்பிராயம் கிடையாது. நெஞ்சுக்கறி யாருக்கும் தனிப்பட்ட முறையில் பிடிக்கும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது கழுத்து. கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் தோலை ஒதுக்கி, ஒட்டிக்கொண்டிருக்கிற குழாய்களை இழுத்துப் போட்டுவிட்டு, ஒரே வெட்டாக எடு. தோல் கழுத்தோடேயே இருக்கட்டும். அதைத் துண்டு போடாதே. கழுத்தைத் துண்டு போடுகிறவர்களை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. முழுக்கழுத்து, குழம்பில் நன்றாக வெந்து, ஒவ்வொரு கணுவுக்கும் நடுவில் மசாலா இறங்கி இருக்கும். ஒரு கணுவைக் கடித்து இழுத்தால் நூலளவு கறி வரும். அந்த நூலளவு கறிக்கு இருக்கிற ருசி ஒரு முழுக்காலுக்குக் கிடையாது. காலை எடுத்தால் நாலு கடியில் முடிந்துவிடும். கழுத்தை எடுத்தால் ஒரு சீரியல் முடிகிற வரை போகும். இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறவளை யாரும் எழுப்ப மாட்டார்கள். இரண்டு கையும் மசாலா, வாயில் எலும்பு. "தண்ணி எடுத்துட்டு வா" என்று அவளிடம் யார் சொல்வார்கள்? உன் அப்பா தானே எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

இதை நீ உன் கல்யாண மேடையில் என்ன செய்தாய்? மைக்கைக் கொடுத்து, "அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க ப்ரோ" என்றான் அந்த நிகழ்ச்சி நடத்துகிற பையன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ, "எங்கம்மா எனக்கும் அப்பாவுக்கும் காலை வச்சிட்டு, காலம் பூரா கழுத்தை மட்டுமே சாப்பிட்டாங்க. கேட்டா கழுத்துதான் பிடிக்கும்னு சொல்லுவாங்க" என்று சொல்லி, பாதியிலேயே மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. நான் கண்ணைத் துடைத்தேன். அது புகை மெஷின் செய்த வேலை. உங்கள் இரண்டு பேருக்கும் விட்ட புகையெல்லாம் என் பக்கம்தான் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஆரப்பாளையத்துச் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்ததும், ஒரு தியாகியாக இருப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்கே தோன்றிவிட்டது. புகை நின்ற பிறகும் இன்னொரு தடவை துடைத்தேன். அந்த இரண்டாவது துடைப்புக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன். வீடியோக்காரர் அதை மெதுவாக ஓட விட்டு, அதற்கொரு புல்லாங்குழலும் போட்டு, ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டுவிட்டார்.

அதன் பிறகு இந்த ஊரில் எனக்கு ஒரு கழுத்து கிடைக்கவில்லை. ராணியக்கா கறி எடுக்கிற ஞாயிறெல்லாம் கிண்ணத்தில் ஒரு காலைப் போட்டு மூடிக்கொண்டு வந்துவிடுகிறாள். "சாப்பிடுங்க மதினி. இம்புட்டு நாளா ஏமாந்தது போதும்" என்கிறாள். "எனக்குக் கழுத்துதாங்க்கா பிடிக்கும்" என்றால், "பாருங்க, இன்னமும் அதையே சொல்றீங்க" என்று முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள். அந்த முந்தானை ஊதா நிறம். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

போன ஞாயிறு என் கையால் வெட்டினேன், என் கையால் குழம்பு வைத்தேன், கழுத்தைச் சட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். நாம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீ கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரு காலை அபிநயா தட்டில் வைத்தாய். அடுத்த காலை என் தட்டில் வைத்தாய். பிறகு சட்டியைத் துழாவி, அந்தக் கழுத்தைக் கண்டுபிடித்து, உன் தட்டில் போட்டுக்கொண்டு, "இனிமே இது என் முறைம்மா" என்றாய். தம்பி, நீ அந்தக் கழுத்தைத் தின்ற லட்சணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கஷாயம் குடிக்கிற முகத்தோடு நுனியில் இரண்டு கடி கடித்துவிட்டு, முக்கால்வாசிக் கறி அப்படியே இருக்க, இலை ஓரத்தில் வைப்பது மாதிரித் தட்டோரம் வைத்தாய். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நான் உன்னைப் பெருமையாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டாய்.

அப்போதுதான் அந்தப் பேச்சை எடுத்தாய். "அம்மா, வீட்டை வாடகைக்கு விடச் சொல்லி புரோக்கர்கிட்டப் பேசிட்டேன். பொங்கல் முடிஞ்சதும் நீ எங்களோட வந்துரு. ஸ்கூல் வேலையெல்லாம் போதும்." நான், "வேண்டாம் தம்பி, எனக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு" என்றேன். நீ சிரித்தாய். "நீ வேணாம்னுதாம்மா சொல்லுவ. கழுத்து பிடிக்கும்னு சொன்ன ஆள்தான நீ?" என் வாயில் கோழிக்கால் இருந்தது. முழுங்கி முடிப்பதற்குள் நீ எனக்கு எந்த அறை, எந்தப் பக்கம் ஜன்னல் என்பது வரைக்கும் போய்விட்டாய்.

சரி, ஊருக்குப் போனால் மறந்துவிடுவாய் என்று இருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து திரும்பி வந்தால், வாசலில் புரோக்கர், அவர் பின்னால் ஒரு குடும்பம். "தம்பி சொல்லிச்சும்மா, ஒரு எட்டு காட்டிட்டுப் போயிர்றோம்" என்றார். "வீடு வாடகைக்கு இல்லண்ணே" என்றேன். அவர் அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, என்னிடம் அன்பாக, "தம்பி அப்பவே சொல்லிருச்சும்மா. அம்மா மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாங்க, அதெல்லாம் கண்டுக்காதீங்கன்னு" என்றார். அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளை என் சமையலறைக்குள் போய், ஃபிரிட்ஜ் எங்கே வைக்கலாம் என்று கையை விரித்து அளந்தாள். அருவாமனையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். நான் என் வீட்டிலேயே ஓரமாக நின்று, விருந்தாளிக்குக் காபி போடட்டுமா என்று கேட்டேன். போகும்போது புரோக்கர், "மனசு தெளிஞ்சதும் ஒரு போன் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனசு தெளிவாகத்தான் இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அபிநயாவிடமிருந்து ஒரு புதுப் பேச்சு வேறு கற்று வைத்திருக்கிறாய். 'அது உன்னப் பழக்கிவிட்டதும்மா, பிடிச்சது இல்ல' என்பாய். இருக்கலாம். கல்யாணமான புதிதில் எல்லாரும் எடுத்தது போக மிஞ்சினதுதான் எனக்கு வந்திருக்கும். ஆனால் மிஞ்சி வந்தது என்பதற்காகப் பிடிக்காமலா போகும்? முதலில் பார்த்த இரண்டு மாப்பிள்ளையும் தட்டிப்போய் மிஞ்சி வந்தவர்தான் உன் அப்பா. அந்த மனிதர் போன முதல் வருஷம் இந்த வீடு என்னை விழுங்கப் பார்த்தது. ராத்திரி சமைக்கவே கை வராது. அப்போது நீ வாராவாரம் பஸ் ஏறி வந்தாய். அதை நான் மறக்கவில்லை. அந்த வருஷம் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். இப்போது அது தாண்டிவிட்டது. இந்த வீட்டில் நான் நினைத்த நேரத்துக்குத் தூங்கி, நினைத்த சேனலைப் பார்த்து, வெறும் ரசஞ்சோற்றோடு ராச்சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன். காலையில் ஆபீஸுக்குப் போனால் அட்மிஷன் கேட்டு வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் எனக்குத் தெரியும்; சாயங்காலத்துக்குள் ராணியக்காவுக்கும் தெரியும். உன் பதினோராவது மாடியில் என்ன இருக்கிறது? ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல். அங்கே நான் யாரைப் பற்றி, யாரிடம் பேசுவது? எனக்குத் தனியாக இருக்கப் பிடித்திருக்கிறது தம்பி. நம் தெருவில் ஒரு பொம்பளை இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. அன்றைக்கு நீ காரில் பைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது அபிநயா என்னோடு பாத்திரம் கழுவ நின்றாள். நீ மிச்சம் வைத்த கழுத்தைக் குப்பையில் போடப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அத்தை, நெஜமாவே உங்களுக்கு இதுதான் பிடிக்குமா?" என்றாள். அந்த வீடியோவை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். "ஆமாத்தா" என்றேன். "சரி அத்தை" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, கையைப் பிடிக்கவில்லை. பிறகு குழாயைத் திறந்துவிட்டு, தன் தட்டில் நீ ஒவ்வொரு ஞாயிறும் வைக்கிற அந்தக் காலைப் பற்றி என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். என்னிடம் வந்த ரகசியம் ராணியக்கா வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. அதிலிருந்தே அது எவ்வளவு முக்கியமான விஷயம் என்று தெரிந்துகொள். நீ அவளிடம் கேள். கேட்டுவிட்டு, அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள். 'நீ எனக்காகச் சொல்ற' என்று ஆரம்பித்தாயோ, அவளும் என்னை மாதிரி காலைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுவாள். அப்புறம் உன் வீட்டு பீரோவிலும் ஊதாப் புடவை சேரும்.

எனக்கு முடியாமல் போகிற ஒரு காலம் வரும். எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நானே போன் போட்டு, "வந்து கூட்டிட்டுப் போ தம்பி" என்று சொல்வேன். வெட்கப்பட மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சொல்கிற 'வா' உனக்கு 'வா' என்று கேட்க வேண்டுமானால், இன்றைக்கு நான் சொல்கிற 'வேண்டாம்' உனக்கு 'வேண்டாம்' என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கும் நீ, 'அம்மா நமக்காகத்தான் வரேங்குது, அதுக்கு அங்க இருக்கத்தான் ஆசை' என்று புரிந்துகொண்டு என்னை இங்கேயே விட்டுவிடுவாய். உன்னை நம்ப முடியாது.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. புரோக்கருக்குப் போடு. என் வார்த்தை அவரிடம் செல்லாது. அதைச் செல்லாமல் ஆக்கினவன் நீ, நீதான் சொல்ல வேண்டும். நீளமாக ஒன்றும் வேண்டாம். எங்கம்மா வேணாம்னு சொன்னா வேணாம்னுதான் அர்த்தம் என்று மட்டும் சொல்.

பொங்கலுக்கு வாருங்கள். மறுநாள் கறி எடுப்போம். முழுக்கோழி வாங்கி வைக்கிறேன். மேலே எழுதியிருக்கிறபடி நீயே வெட்டு. பாயிடம் காட்டி ஊரைச் சிரிக்க வைக்காத அளவுக்கு இருந்தால் போதும். குழம்பு வெந்ததும் கரண்டியையும் நீயே வைத்துக்கொள். அபிநயாவிடம் கேட்டு, அவள் சொன்னதை அவள் தட்டில் வை. கால் இரண்டையும் நீயே தின். உனக்கு அதுதான் உயிர், சின்னப் பிள்ளையிலிருந்தே தெரியும், அதற்காக மேடையேறி நான் அழவில்லை. சட்டியின் அடியில் கழுத்து கிடக்கும். எடுத்து என் தட்டில் வை. என் முகத்தைப் பார்க்காதே, பெருமூச்சு விடாதே, ஒன்றும் சொல்லாதே. வைத்துவிட்டுக் கொஞ்சம் குழம்பு ஊற்று. நான் தின்று முடிக்க நேரமாகும். தண்ணீர் வேண்டுமென்றால் நீயே எழுந்து போய்க் குடித்துக்கொள்.

உன் அம்மா